மாற்றிச் சொன்னவள்

"அஞ்சு மணியோட மூடிடுவாங்க. இன்னிக்குத்தான் கடைசி நாள். கையெழுத்துப் போடு, ப்ரியா."

ஜுவேரியா வேட்புமனுவை மேஜைமேல் தள்ளி, அதன்மேல் பேனாவையும் வைத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே தோழி, இப்போது தேர்தல் முகவர்.

ஷண்முகப்ரியா பேனாவைத் தொடவில்லை. தி.நகரில் அவர்கள் வார்டுக்கு, எந்தக் கூட்டணியிலும் சேராத ஒரு சின்னக் கட்சி அவளை நிறுத்துகிறது. கீழே அப்பாவின் ஜவுளிக்கடை, மேலே வீடு. அப்பா சுயம்புலிங்கமும் அம்மா புஷ்பமும் உள்ளறையில் இருந்தார்கள். அந்த அறை வாசலில் ஒரு பூப்போட்ட திரை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"அந்த வீடியோதானே? போவட்டும் உடு. தேர்தல்னா நாலு பேரு நாலு விதமாத்தான் பேசுவான்."

"அதுல பொய் என்ன இருக்கு, ஜுவேரியா?"

போன மாதம் தெருவில் பெரிய கடைக்காரர்களுக்கும் நடைபாதைக் கடைக்காரர்களுக்கும் தகராறு. ப்ரியாதான் நடுவில் நடந்தாள். 'அந்தக் கும்பலை அடித்து விரட்டு' என்றார்கள் பெரிய கடைக்காரர்கள். அவள் போய், "வாசல் வழியை மட்டும் விடச் சொல்றாங்க" என்றாள். 'ஒரு கடைக் கண்ணாடி மிஞ்சாது' என்றார் வளையல் விற்கும் நூர் முஹம்மது. அவள் திரும்பி வந்து, "உட்கார்ந்து பேசலாங்கறார்" என்றாள். உட்கார்ந்தார்கள். நடைபாதையில் ஒரு மஞ்சள் கோடு போட்டுக்கொண்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் வியாபாரம், இந்தப் பக்கம் நடக்கிறவர்கள்.

நேற்று எதிர் வேட்பாளரின் ஆட்கள் இரண்டு தரப்பையும் தனித்தனியே பேசவைத்து, அவள் மாற்றிச் சொன்னதையெல்லாம் வரிசையாக வீடியோவில் போட்டுவிட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர், 'இரட்டை நாக்கு.'

"நல்லதுக்குத்தானேடி சொன்ன? நூர் பாய் காலைலகூட கேட்டாரு, 'பாப்பா எப்போ மனு குடுக்குது'ன்னு."

"நாளைக்கு மேடையில ஏறி, நியாயம் ஒரு பக்கத்துல மட்டும் இருக்காது, ரெண்டு பக்கமும் கேளுங்கன்னு பேசப்போறேன். அப்படிப் பேசறவ, கேட்டதைக் கேட்டபடி சொல்ல வேணாமா?"

ஜுவேரியா பேனாவை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினாள். கீழே கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம் கேட்டது.

"கட்சியில வாழ்க்கைக் குறிப்பு கேக்கறாங்க. இளமைப் பருவம்னு ஒரு கட்டம் விட்டிருக்காங்க. என்ன எழுதட்டும்? ஏழு வயசுலேர்ந்து பொய் சொல்லிட்டிருக்கேன்னா?"

"இன்னாடி உளர்ற?"

ப்ரியா திரையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்பாவும் அம்மாவும் ஒரு வருஷம் பேசிக்கவே இல்ல. ஒரே வீட்ல. எதுக்குன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. எல்லாம் என்கிட்டதான் சொல்லி அனுப்புவாங்க. முன்னறையிலேர்ந்து அப்பா, 'இந்தக் கொழம்ப மாடுகூடக் குடிக்காதுன்னு சொல்லு'ம்பார். நான் அடுப்படிக்குப் போய், 'அப்பாவுக்குப் புளி கொஞ்சம் கம்மியா வேணுமாம்'னு சொல்லுவேன். 'பிடிக்கலேன்னா ஓட்டல்ல போயித் திங்கச் சொல்லு'ம்பாங்க அம்மா. நான் திரும்பி வந்து, 'நாளைக்கு உங்களுக்குப் பிடிச்ச மாதிரி வைக்கறாங்களாம்'னு சொல்லுவேன்."

ஜுவேரியாவுக்குச் சிரிப்பு வந்தது. ப்ரியாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"அப்பால?"

"ஒருநாள் அவங்களே பேசிக்க ஆரம்பிச்சாங்க. நான் சொன்ன பொய்யை நம்பி. முப்பது வருஷமா அது மேலதான் ரெண்டு பேரும் குடித்தனம் நடத்தறாங்க. அவங்களுக்கே தெரியாது."

"இப்போ இன்னா பண்ணப்போற?"

"சொல்லிடப்போறேன். அவங்க ஏத்துக்கிட்டாத்தான் கையெழுத்து. இல்லேன்னா இந்த மனு வேணாம்."

அவள் எழுந்து திரையை விலக்கி உள்ளே போனாள். அப்பா ஜன்னலோரம் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மா... நீங்க பேசாம இருந்தீங்களே, அப்போ நீங்க சொல்லி அனுப்பினது எதையும் நான் அப்படியே சொன்னதில்ல. எல்லாத்தையும் மாத்தித்தான் சொன்னேன்."

அம்மாவின் விரல்கள் கீரைக்காம்பிலேயே நின்றுவிட்டன. அப்பா பேப்பரை இறக்கவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த மௌனம் ப்ரியாவுக்குப் பழக்கமானதுதான். அதைத் தாங்கமுடியாமல்தான் ஏழு வயதில் இங்கும் அங்கும் ஓடினாள். இப்போது ஓடுவதற்கு இடமில்லை. நின்றாள்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ஒங்கம்மாட்டக் கேளு. நாம அப்போ குடியிருந்த வீட்டுல, முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவுல சுவரு எங்க இருந்துச்சுன்னு."

ப்ரியா அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"சுவரு ஏது? இருந்ததே ஒத்த ரூமு. கொடியில என் பழைய சேலை ஒண்ணு தொங்கும், அவ்வளவுதான்," என்றாள் அம்மா.

அந்தச் சேலை ப்ரியாவுக்கு நினைவிருந்தது. பச்சை நிறம். அதற்கு அந்தப் பக்கம் வேறு ஊர் என்றுதான் அவள் அப்போது நினைத்திருந்தாள்.

அம்மா மறுபடி கீரையை உருவத் தொடங்கினாள்.

"அவிய சொன்னதும் எனக்குக் கேட்டுச்சு, நான் சொன்னதும் அவியளுக்குக் கேட்டுச்சு. போடி, போயிக் கையெழுத்தப் போடு. நீ மாத்திச் சொல்லுதத கேக்கணும்னே, சண்டை தீந்த பொறவும் ரெண்டு மாசம் நாங்க பேசாம இருந்தோம்."

திரைக்கு அந்தப் பக்கம் ஜுவேரியா பேனா மூடியைக் கழற்றும் சத்தம் தெளிவாகக் கேட்டது.