கிட்ட வந்தவள்

அந்தப் பெரிய லென்ஸுக்குத் தூரத்தில் இருப்பதுதான் தெரியும். மைதானத்தின் மறுமுனையில் கோல்கீப்பர் எச்சில் விழுங்குவதைக்கூடப் பிடித்துவிடும். பக்கத்தில் வந்து நின்றால் வெறும் மங்கல். இறுதிப் போட்டியின் கடைசி நிமிடத்தில் கோல் அடித்த லூர்துமேரி, கட்டிக்கொள்ள வந்த தோழிகளை உதறிவிட்டு, கோட்டோரம் உட்கார்ந்திருந்த புகைப்படக்காரி ஜெசிந்தாவிடம் ஓடிவந்து மண்டியிட்டாள்.

“எடுத்தீங்களாக்கா?”

“இவ்ளோ கிட்ட வந்தா எப்படிடி எடுக்கிறது? தள்ளிப் போ!”

அவள் போகவில்லை. லென்ஸோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ஜெசிந்தாவின் சின்ன கேமரா கோல் வலைக்குப் பின்னால் தரையில் இருந்தது. தூரத்திலிருந்தே அதை இயக்கும் பொத்தான் மட்டும் அவள் கையில். போச்சு, எல்லாரும் கேட்கப்போகும் படமே போச்சு என்று நினைத்தவளுக்கு ஏனோ சிரிப்பு வந்துவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் போய்ச் சின்ன கேமராவை எடுத்துப் பார்த்தாள். அத்தனை நேரமும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். படத்துக்குப் படம், ஆடி அடங்காத வலை. வலைக்கண்களுக்கு அப்பால் லூர்துமேரியின் முதுகு. அந்தத் தோளுக்கு மேல், கண்ணை மூடிச் சிரிக்கும் ஒரு முகம்.

பத்திரிகை அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

“படம் எப்படிம்மா வந்திருக்கு?”

ஜெசிந்தா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நல்லா வந்திருக்கோம் சார்.”