நூறு ஈயும் இருபத்தஞ்சு புழுவும்

நீங்க நம்பாட்டியும் பரவால்ல, நான் எண்ணுனது சரிதான். 1966, திண்டுக்கல்ல ஒரு காலேஜ் லேப். பால் பாட்டில்ல சிறுமலை வாழைப்பழத்தப் பிசைஞ்சு போட்டு பழ ஈ வளக்குறேன். ஆர்.என்.ஏ உண்டாக்குற ஜீன் இல்லாத ஈ புழுவாவே செத்துரும். நான் சேத்த ஜோடிக்கு நூறு முட்டையில இருபத்தஞ்சு அப்படிச் சாகணும், எழுபத்தஞ்சு பறக்கணும். இத நிரூபிச்சாத்தான் மதுரையில எனக்கு ஆராய்ச்சி சீட்டு.

ஏழாம் பாட்டில்ல எண்ணி நூறு முட்டை வச்சேன். இருபத்தஞ்சு புழு செத்துச்சு. பொறுக்கி மேசையில கறுப்புக் காகிதத்துல வரிசையா வச்சேன். பத்து நாள் கழிச்சுப் பாத்தா பாட்டில்ல நூறு ஈ.

அட்டெண்டர் சூசைமுத்து அண்ணன் சிரிச்சாரு. "என்னப்பு, நாகல் நகர் ஈயெல்லாம் விருந்துக்கு வந்துருச்சா?"

"பாட்டில் வாயில அடைச்ச பஞ்சு மேல கட்டுன நூலு அவுழவே இல்லண்ணே."

அவரு குனிஞ்சு பாத்தாரு. சிரிப்பு போயிருச்சு. "எழுபத்தஞ்சுன்னே எழுதிரு. யாரு வந்து எண்ணப் போறா?"

எழுதுனேன். அப்புறம் ஈத்தர் காட்டி எல்லாத்தையும் மேசையில கொட்டுனேன். எழுபத்தஞ்சு மயங்கிக் கெடந்துச்சு. மிச்சம் இருபத்தஞ்சும் மயங்கல, பறக்கவும் இல்ல. மெதுவா நடந்து கறுப்புக் காகிதத்துக்குப் போச்சு. செத்த புழு ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ஒரு ஈ நின்னுச்சு.

"அப்பு, எழுதுனத அடிச்சிரு"ன்னாரு அண்ணன்.

நான் அடிச்சு நூறுன்னு எழுதுற வரைக்கும் ஒரு ஈயும் நகரல.