417-ல் முடிகிற பெட்டி

"இது வேண்டாம். அந்தச் சின்னது போதும்" என்றார் தாணுமாலையன்.

பில் போடக் குனிந்த கடை ஊழியன் வினய் நிமிர்ந்தான். மகள் கௌசல்யாவின் முகம் வாடிவிட்டது.

தம்பானூர் கடையில் ஒரு மணி நேரமாக எல்லா லேப்டாப்பையும் தட்டிப் பார்த்து, பெரிய திரை உள்ள ஒன்றை அவள் எடுத்திருந்தாள். அப்பா கொண்டுவந்த முப்பத்தெட்டாயிரத்துக்குள்ளேதான். இன்ஜினீயரிங் நாலு வருஷமும் இது ஒன்றை வைத்தே ஓட்ட வேண்டும்.

சின்னதும் அதே விலை. அதிலும், அடுக்கில் சீரியல் எண் 417 என்று முடிகிற பெட்டிதான் வேண்டுமாம். எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதியே கொண்டுவந்திருந்தார்.

வினய்க்குச் சந்தேகம் தட்டியது. ஆள் சுமைதூக்கும் தொழிலாளி, அவர்களுக்கே உரிய நீலச் சட்டை. தொடாத சுமைக்கும், பார்த்து நின்றதற்கென்றே நோக்குகூலி கேட்கிற கூட்டம் என்று ஸ்ரீவராகத்தில் இருக்கிற அவன் வீட்டில் தினமும் பேசுவார்கள். பேசுகிற யாரும் ஒரு மூட்டையைத் தூக்கியதில்லை.

பெட்டிக்குள் ஏதாவது தில்லுமுல்லு இருக்குமோ?

பிரித்தான். புரட்டிப் பார்த்தான். ஓடவிட்டான். எல்லாம் சரியாகவே இருந்தது. அதே மாடலில் வேறு பெட்டி தருகிறேன் என்றான். அவர் அசையவில்லை.

"நம்பர் எப்படித் தெரியும் அண்ணாச்சி? கோடவுன்ல யாரு சொன்னது?"

தாணுமாலையன் துண்டுக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் செருகினார். பணத்தை எண்ணி மேஜையில் வைத்தார்.

"எனக்கு இஷ்டப்பட்டதை எடுக்கலாம்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தீங்க?" கௌசல்யா பணத்தின் மேல் கையை வைத்தாள். "காரணத்தையாவது சொல்லுங்கப்பா."

தாணுமாலையன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவள் பக்கம் குனிந்து, தணிந்த குரலில் சொன்னார். வினய் காதிலும் அது விழுந்தது.

"நேத்து லாரியில இருந்து சரக்கு இறக்கும்போ, என் தோள்ல இருந்து கீழ விழுந்தது இதாக்கும் மக்ளே. சொன்னா, கூட நின்ன நாலு பேரு கூலியிலயும் பிடிப்பாங்க. இப்ப ஓடுது, நாளைக்கு நின்னு போனா? அது வேற ஒரு பிள்ளை தலையிலயா விடியணும்?"