இரண்டே இரண்டு மைக்ரோலிட்டர்

ரத்த தான முகாமில் ஆட்டோ ஓட்டுநர் சந்தானம் ஒரு கையை நீட்டிக் கட்டிலில் படுத்திருந்தார். கீழே, குழாயின் முனையில் ரத்தப் பை நிறைந்துவிட்டது. சற்றுமுன் அவரிடம் இரண்டு மைக்ரோலிட்டர் குடித்து, மயிரிழையில் அடிக்குத் தப்பிய கொசு ஒன்று பையின் மேல் வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, உங்க வயித்துல எவ்வளவு இருக்கு?"

"முந்நூற்றைம்பது மில்லிலிட்டர்" என்றது பை.

கொசுவுக்குக் கணக்கு நன்றாக வரும். "ஒரு மில்லிலிட்டர்னா ஆயிரம் மைக்ரோலிட்டர். தடவைக்கு ரெண்டுன்னா, அதுக்கே நான் ஐந்நூறு தடவை கடிக்கணும். அப்போ உங்களுக்கு..." அது ஆறு கால்களாலும் எண்ணிப் பார்த்தது. "ஒண்ணே முக்கால் லட்சம் கடி! அத்தனை அடிக்கும் எப்படிண்ணே தப்பிச்சீங்க?"

"ஒரு அடிகூட விழலையே. ஒரே ஆள், ஒரே குத்து. கையை அவரே நீட்டினார்."

"அதெப்படி?"

"யாருக்கோ ஆபரேஷனாம். வேணும்னு கேட்டாங்க, கொடுத்தார்."

கொசுவுக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டால் போதுமாம். இத்தனை தலைமுறையில் தன் கூட்டத்தில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டே பறந்தது. நேராகச் சந்தானத்தின் காதருகே போய், மிகுந்த பணிவுடன் கேட்டது.

"அண்ணே, ரெண்டே ரெண்டு மைக்ரோலிட்டர்."

சந்தானத்துக்கு 'ஙொய்' என்று மட்டும்தான் கேட்டது. அவர் சும்மா இருந்த மற்றொரு கையை ஓங்கினார்.