பச்சையா, ஆரஞ்சா?

“பச்சையா, ஆரஞ்சா? சொல்லுப்பா, எதை ஊத்தறே?”

என்ஜின் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட் கேன்கள் இரண்டைக் கைக்கொன்றாகத் தூக்கிப் பிடித்தபடி நின்றார் ஜானகிராமன். துண்டை விரித்து போனட்டின் மேல் உட்கார்ந்திருந்த கலைவாணன், படிக்காமல் பரீட்சைக்கு வந்தவனைப் போல விழித்தான்.

மஞ்சள் சுவருக்கு முன்னால் நிறுத்தி, கல்யாண ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொள்ள அவன் வாடகைக்கு விடும் பழைய பிரெஞ்சு கார் அது. ‘தாத்தா சைகோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. இன்றும் ரோட்டில் ராஜநடை!’ என்று போர்டு வேறு வைத்திருந்தான். அதைப் படித்துவிட்டுத்தான் பழங்கார் பிரியர் சங்கத் தலைவர் ஜானகிராமன் தொப்பியும் கேனுமாக வந்து இறங்கிவிட்டார்.

“பாரீசுல பதினெட்டு வருஷம் இருந்தவன் சொல்றேன், கேட்டுக்க. இது பித்தளை ரேடியேட்டர். ஆரஞ்சு ஊத்தினா பத்தவச்ச ஈயமெல்லாம் கரைஞ்சுடும். பச்சைதான். எறங்கு, போனட்டைத் தெற.”

“வச்சிட்டுப் போங்க முசியே” என்றான் கலைவாணன், பாரீஸ்காரருக்கேற்ற பிரெஞ்சு மரியாதையோடு. “நானே ஊத்திக்கறேன்.”

“நீ குழாத் தண்ணியைக் கலந்து கெடுத்துடுவே. எறங்குன்றேன்!”

கலைவாணன் அசையவில்லை. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கேமராக்காரர். எதிரே இன்றைய மணப்பெண் சிந்துஜா, “போட்டோ முடிஞ்சதும் ஒரு ரவுண்டு போலாம்ல அண்ணா?” என்று மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவள் எதிரில் மானம் போனால் நாளையிலிருந்து ஒரு ஜோடியும் இந்தக் காரை எட்டிப் பார்க்காது.

உதவிக்குத் திரும்பிப் பார்த்தான். காலையில் காரோடு வந்த மச்சான் செல்வகுமாரும் இன்னும் இரண்டு பேரும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, நனைந்த பனியனைப் பிழிந்துகொண்டிருந்தார்கள்.

“வண்டி சூடா இருக்குங்க. சூட்டுல தெறக்கக் கூடாது” என்றான் கடைசி முயற்சியாக.

ஜானகிராமன் போனட்டைத் தொட்டார். “கொதிக்குதே!” அந்தப் பத்தரை மணி வெயிலில் தெருவிலிருந்த தபால் பெட்டியும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

“எனக்கு நேத்தே தெரியும்பா. எங்க தெரு வழியா நீ இதை ஓட்டிக்கிட்டுப் போனப்ப, மாடியிலேர்ந்து கேட்டேன். கூலன்ட் கொறைஞ்ச என்ஜின் ஒரு மாதிரி இருமும். சத்தத்தை வச்சே சொல்லிடுவேன், ஆமா!”

கலைவாணன் முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இறங்கி வழிவிட்டான்.

கூட்டத்தை ஒருமுறை கம்பீரமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, சிலை திறப்பவர்போல போனட்டைத் தூக்கினார் ஜானகிராமன். உள்ளே போன தலை வெளியே வரவில்லை.

“என்னப்பா இது... என்ஜினையே காணோம்?” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

கலைவாணன் அவர் பக்கத்தில் தலையை நீட்டி, பணிவாகக் கிசுகிசுத்தான்.

“நேத்து அது இருமினதைக் கேட்டவரு நீங்கதானே முசியே, நீங்கதான் சொல்லணும்!”