இருமவும் கூடாது

மணி பத்தேகால்.

"இன்னிக்கே கவரைப் பிரிச்சிடலாம் சார்," என்றாள் அவள்.

ஆய்வுக்கூடத் தலைவர் இரும்பு அலமாரியைப் பார்த்தார். அரக்கு வைத்து ஒட்டிய உறை அதற்குள் இருந்தது. உறைக்குள் ஓர் எண்.

எழுதி வைத்தவர் எதிர்க் கட்டடத்தில், ஐந்தாவது மாடியில் இருக்கிறார். அவளிடம் கணக்குப் போட வந்த அளவீடுகள் எல்லாவற்றிலும் அந்த எண் ரகசியமாகக் கூட்டப்பட்டிருந்தது. கணக்குப் போடுகிறவர் தனக்குப் பிடித்த விடைப் பக்கம் கணக்கை வளைத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. கணக்கு முடிந்த பிறகு உறையைப் பிரித்து எண்ணைக் கழித்தால்தான் உண்மை விடை. போன சோதனையில் எண் தெரிந்த ஒருவர் வரைபடத்தைப் பார்த்து இருமினார். பாதி ரகசியம் போயிற்று. அன்றிலிருந்து தலைவரின் சட்டம்: எண் தெரிந்தவருக்கும் கணக்குப் போடுகிறவருக்கும் நடுவே பேச்சு கிடையாது, கடிதம் கிடையாது, இருமவும் கூடாது.

இந்த உறையை ஒட்டிப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது.

"இன்னும் மூணு மாசம் பொறும்மா. நியூட்ரான் கருவியை மறுபடி சரிபார்த்துடலாம்."

"மூணு தடவை பாத்தாச்சு சார். ஞாயித்துக்கிழமைகூட விடலை. இந்தாங்க."

அவர் தாள்களைப் புரட்டினார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

அணுக்கருவில் நியூட்ரானும் புரோட்டானும் சரிசமமாக இருந்தால் தொல்லையில்லை. நியூட்ரான் கூடினால் அதற்கென்று தனி ஆற்றல் செலவாகும். சமச்சீர் ஆற்றல் என்பது அதுதான். பொருளை நெருக்கி அடர்த்தியைக் கூட்டினால் அந்தச் செலவு ஏறுமா, ஓரிடத்தில் வளைந்து இறங்குமா? அதற்குத்தான் இத்தனை பாடும்.

"ஏறும்கறது நீ. இறங்கும்கறது நம்பர் எழுதி வெச்ச அவரு. மாநாட்டு மேடையிலேயே ரெண்டு பேரும் முட்டிக்கிட்டீங்க," தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவரு மூக்கை உடைக்கத்தானே இந்த அவசரம்?"

அவள் மேசைமேல் கிடந்த அலமாரிச் சாவியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அவரு எதிர்ல வந்தா பின்படிக்கட்டுல இறங்கி ஓடிடறியாமே. ஜன்னல் திரையைக்கூட இழுத்துவிட்டுட்டுத்தான் உக்காருறியாம். பேசக் கூடாதுன்னுதான்மா சட்டம். மூஞ்சியைப் பாக்கக் கூடாதுன்னு நான் எங்க சொன்னேன்?"

"பாத்தா பேசிடுவேன் சார்."

"அப்பா! அவ்வளவு ஆத்திரமா?" தலைவர் சிரித்துக்கொண்டே சாவியை எடுத்தார்.

அரக்கு உடைந்தது. அவர் எண்ணைக் கணினியில் தட்டினார். திரையில் கோடு மெல்ல நகர்ந்து நின்றது. அடர்த்தி இரட்டிப்பாகும் இடத்தில் அது ஏறியிருந்தது. அவள் சொன்ன அளவுக்குச் செங்குத்தாக இல்லை. எதிர்க் கட்டடத்துக்காரர் சொன்னதுபோல் இறங்கவும் இல்லை.

"போச்சு போ! ரெண்டு பேருக்கும் நட்டநடுவுல. யாரு மூக்கும் உடையலை. இங்க பாரேன்மா..."

அவள் நாற்காலி காலியாக இருந்தது.

எதிர்க் கட்டடத்தில் லிப்ட் மேலே எங்கோ நின்றிருந்தது. அவள் படியேறினாள். ஐந்தாவது மாடியில் கதவு திறந்தே இருந்தது. அவளைக் கண்டதும் அவர் எழுந்து, பழகிப்போனபடி, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"திரும்புங்க, கவரைப் பிரிச்சாச்சு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீங்க நம்பர் எழுதறதுக்கு முந்தின நாள் சாயங்காலம், கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டீங்க. நாளைக்குச் சொல்றேன்னு சொன்னேன்... இன்னமும் கேக்கறீங்களா?"