கட்டினவளே இடிக்கணும்

“இடி” என்றார் சிவசைலம் சார்.

“மாட்டேன் சார்” என்றேன்.

அந்தப் பயிற்சிக்கூடத்தில் அப்படி ஒரு பதிலை அவர் அதுவரை கேட்டதில்லை. கையிலிருந்த கடப்பாரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எதை முதலில் இடிப்பது என்று யோசித்திருப்பார்.

சேரன்மகாதேவி தாண்டி, பெண்களுக்குக் கொத்தனார் வேலை சொல்லிக்கொடுக்கிற இடம் அது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. காலையில் சுவர் கட்டுவோம். சாயங்காலம் சார் தூக்குக்குண்டு விட்டுச் சாய்வு பார்த்து மார்க் போடுவார். அப்புறம் கட்டினவளே அதை உதைத்துத் தள்ள வேண்டும்.

சிமெண்ட் கிடையாது, வெறும் களிமண் சாந்து. ஒரே உதையில் பொலபொலவென்று விழுந்துவிடும். கல்லைச் சுரண்டிக் கழுவி அடுக்கினால் மறுநாளும் அதே கல். சேர்ந்த நாளிலிருந்து நான் கட்டிய சுவர் ஒன்றுகூட விடியலைப் பார்த்ததில்லை.

இது பரீட்சைச் சுவர். இடித்துக் கல்லை ஒப்படைத்தால்தான் சர்டிபிகேட்.

சர்டிபிகேட் இருந்தால் கொத்தனார். இல்லையென்றால் பழையபடி சித்தாள். தலையில் சாந்துச்சட்டி, சாரத்தின் மேலிருந்து “ஏட்டி, செத்துட்டியா, சீக்கிரம் வா” என்று ஒரு குரல். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஒருநாளாவது மேலே நின்று நான் கூப்பிட வேண்டும். அதற்காகத்தான் இங்கே வந்து சேர்ந்தேன்.

சார் தூக்குக்குண்டை விட்டார். ஒரு நூல் அளவு சாய்வு என்றார். சாய்வுதான், நான் மறுக்கவில்லை.

நேர்ச்சுவர்தானே கட்டச் சொன்னது, இதென்ன கொட்டகைக்குப் பின்னால் ஒளித்து, இரண்டு மூலை திருப்பி, ஒரு ஓரத்தில் சந்து விட்டிருக்கிறாய், கல் தீர்ந்துபோச்சா என்று கேட்டார். கல் தீரவில்லை என்றேன்.

“முப்பிடாதி, கடைசியாச் சொல்லுதேன். நீ இடிக்கலன்னா நான் இடிச்சிருவேன். சர்டிபிகேட்டும் கெடையாது.”

“இடிங்க சார்.”

செருப்புக் காலால் ஓங்கி ஒரு உதை விட்டார். எத்தனையோ சுவரை உதைத்த கால். இதையும் களிமண் என்றே நினைத்துவிட்டது.

சுவர் அசையவில்லை. சார்தான் அசைந்தார். ஒற்றைக் காலில் நொண்டிப்போய்க் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நகத்தால் கல் இடுக்கைச் சுரண்டிப் பார்த்தார். நகம்தான் தேய்ந்தது.

“சிமெண்டு! ஏ பிள்ள, ஏது இவ்வளவு சிமெண்டு?”

பின்னால் நின்ற பெண்கள் ஆளுக்கொரு தூக்குச்சட்டியை உயர்த்திக் காட்டினார்கள்.

புருஷன், அண்ணன், மாமன் என்று எங்கள் ஒவ்வொருத்தி வீட்டிலும் கட்டட வேலைக்குப் போகிற ஆள் உண்டு. மூட்டையடியில் மிஞ்சியதை அவர்களிடம் கேட்டு வாங்கினோம். சோற்றுக்குப் பதில் அதைச் சட்டியில் போட்டு, கட்டபொம்மன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். அந்த வாரம் முழுக்க மத்தியானம் பட்டினிதான். கிடக்கட்டும்.

தேருக்கு முந்தின நாள்தான் பரீட்சைச் சுவர் கட்டினது; மார்க் லீவு முடிந்து என்று சொல்லிவிட்டு சார் சீக்கிரமே கிளம்பிவிட்டார். தேர் லீவும் ஞாயிறும் சேர்ந்தாற்போல் வந்தது. ஊரே நெல்லையப்பர் தேருக்கு வடம் பிடிக்கப் போயிருக்க, நாங்கள் சிமெண்ட் இறுகட்டும் என்று ஆற்றுத் தண்ணீரைச் சுமந்துவந்து சுவரை நனைத்துக்கொண்டிருந்தோம்.

நாங்கள் சொன்னதைக் கேட்கக் கேட்க சார் முகம் சிவந்தது. கடப்பாரையை ஓங்கினார். அரசாங்கக் கல்லில் இஷ்டத்துக்கு விளையாட உங்கப்பன் வீட்டுச் சொத்தா என்று கத்தினார். நான் நகரவில்லை.

அப்போதுதான் பாத்து என்கிறவள் வந்தாள். பத்தமடைக்காரி, எங்களோடு படிக்கிறவள். ஏழாம் மாதம். ஒரு கையில் தண்ணீர் வாளி, இன்னொரு கையில் கிழிந்த சாக்கு. சாரைச் சுற்றிக்கொண்டு போய், நான் விட்டிருந்த சந்தின் குறுக்கே சாக்கைத் தொங்கவிட்டாள்.

ஆம்பிளை வாத்தியார்களுக்கு ஆபீசை ஒட்டியே கக்கூஸ் உண்டு, பூட்டு சாவியோடு. எங்களுக்கு ஓடைக்கரை உடைமுள் புதர்தான். பாத்து போன மாதம் அங்கேதான் வழுக்கி விழுந்தாள். அதற்கப்புறம் காலையில் வீட்டை விட்டால் சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தாள். எங்களுக்கும் ஒரு மறைப்புக் கட்டித் தாருங்கள் என்று கேட்டோம். மேலே எழுதிப் போட்டிருக்கிறோம், கட்ட ஆள் வர வேண்டும் என்றார்கள். கொத்தனார் வேலை படிக்கிற இத்தனை பெண்களைப் பார்த்து, கொஞ்சமும் கூசாமல் சொன்னார்கள்.

பாத்து வாளியோடு சாக்கை விலக்கி உள்ளே போனாள். உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

“சார், கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பி நில்லுங்க.”

சார் கடப்பாரையைப் போடவில்லை, இடிக்கவும் இல்லை. ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார்.